கரையான் வயிற்றுக் குடிகள்

போடிநாயக்கனூரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். மலையின் மேலே ஏலத் தோட்டங்கள். அடிவாரத்திலே மாந்தோப்புகளும் இலவ மரங்களும். ஊருக்குள்ளே ஏலக்காய் ஏலமும் இலவம்பஞ்சு வியாபாரமும். இவ்வூரின் செல்வத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவ்வளவோடு நிறுத்திக் கொள்வது வழக்கம். ஆனால் அந்தச் சரிவுகளிலே கோடானுகோடித் தொழிலாளிகள் இரவு பகலாக வேலை செய்து கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கிடையாது. கண்ட இடத்தில் விஷந்தான் கிடைக்கிறது. கரையான்களைத்தான் சொல்லுகிறேன்.

கரையான் என்றதும் நேயர்கள் முகம் சுளிப்பது இயற்கையே. தமிழருக்கும் அதற்கும் தீராத பழைய வழக்கு ஒன்று உண்டு. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையை இராஜராஜ சோழன் திறப்பித்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து மண்ணை நீக்கி நம்பியாண்டார் நம்பி எடுத்தவை போக மற்றவை அழிந்து போயின என்றும் மரபு கூறுகிறது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஊர் ஊராகச் சென்று தேடிய சுவடிகளிலும் செல்லுக்கு இரையானவை ஒன்றிரண்டல்ல. ஏட்டை அரித்தால் செல். மரத்தை அரித்தால் கரையான். பழைய நூல்களிலே சிதல். சிறகு முளைத்துப் பறந்தால் ஈசல். பகைவனுக்கு இத்தனை பெயரிட்டு வழங்கும் ஜாதி நாம். கடைசிப் பெயருக்கு உரியதை மாத்திரம் பொரியோடு சேர்த்து வறுத்துத் தின்றும் விடுகிறோம்!

போகட்டும். ஏட்டைத் தின்றது குற்றம் என்று தீர்ப்புக் கூறிய நாம், அதைத் தின்று எப்படி ஜீரணித்தது என்று விசாரித்தோமா? பனையோலையை ஒரு மனிதனிடம் கொடுத்து, "இதை உண்டு ஒரு வாரம் உயிரோடிரு" என்றால் அவன் கதி என்ன ஆகும்? இத்தனைக்கும் ஓலையில் இருப்பது அரிசியில் இருக்கும் அதே சர்க்கரைதான். அரிசி மாவும், மரத்தின் நாரான செல்லுலோஸும், குளுகோஸ் என்னும் ஒரே சர்க்கரை அணுத்திரள் வரிசையாகக் கோத்த சங்கிலிகளே. வேற்றுமை கோத்த விதத்தில் இருக்கிறது. மாவிலே கண்ணிகள் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்பதால் சங்கிலி சுருண்டு தளர்ந்து கிடக்கிறது. நம் உமிழ்நீரே அதை வெட்டத் தொடங்கி விடும். நாரிலே ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கி ஒட்டி, முறுக்கிய வடம் போல் ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த வடத்தைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற பசையும், லிக்னின் என்ற கெட்டியான பூச்சும் இருக்கின்றன. மரம் நிமிர்ந்து நிற்பது இந்த ஏற்பாட்டினால்தான். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையிலும் செல்லுலோஸ், லிக்னின் இரண்டும் உண்டு; மேலே மெழுகுப் பூச்சும் இருப்பதால் அது தண்ணீரில் நனையாமல் மிதக்கிறது. இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நம்மிடம் இல்லை.

கரையானிடம் இருக்கிறதா? "கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல" என்பது நம்மவர் பழமொழி. அதைச் சொன்னவருக்குக் கரையானின் வயிற்றுக்குள்ளேயே வேறு குடிகள் புகுந்திருக்கும் செய்தி தெரிந்திருந்தால் பழமொழியைச் சற்று நீட்டியிருப்பார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஜோசப் லீடி என்ற சாஸ்திரி, 1877-ஆம் வருஷத்தில், கல்லுக்கடியில் அகப்பட்ட கரையானின் குடலைப் பிதுக்கிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். அந்தச் சொட்டுக்குள்ளே வாலும் சடையுமாக எண்ணற்ற நுண்பிராணிகள் நெரிசலாகப் புரண்டன. அவை கரையானின் மேல் ஒட்டிப் பிழைக்கும் பரதேசிகள் என்றே அக்காலத்தில் நினைத்தார்கள். உண்மை தலைகீழானது என்பதை 1920-க்குப் பின் கிளீவ்லாந்து என்ற இன்னோர் அமெரிக்கர் காட்டினார். கரையான்களைக் கொல்லாமல், அவற்றின் வயிற்றுப் பிராணிகளை மட்டும் கொல்லும் அளவுக்குச் சுமார் 36 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 24 மணி நேரம் வைத்தார். அதன் பிறகும் கரையான்கள் மரத்தைத் தின்றன. தின்று கொண்டே இருந்தன. வயிறு நிறைய மரத்தை வைத்துக் கொண்டு சில வாரங்களுக்குள் பட்டினியால் மாண்டன. மற்றக் கரையான்களிடமிருந்து அந்தப் பிராணிகளைத் திரும்பக் கொடுத்தவை பிழைத்துக் கொண்டன. சோதனை என்றால் இதுவல்லவோ சோதனை!

இந்தக் குடித்தனத்தில் அடுக்கடுக்காக ஆட்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் டார்வின் பட்டணத்தின் பெயர் பெற்ற ஒரு கரையானின் குடலில் மிக்ஸோட்ரிகா என்னும் நுண்பிராணி இருக்கிறது. 1933-ஆம் வருஷத்தில் அதை முதலில் வர்ணித்தவர், உடலெங்கும் மயிர் போன்றவற்றால் அது நீந்துவதாக எழுதினார். 1964-இல் மின்னணு நுண்ணோக்கியினால் பார்த்தபோது அவை மயிர்களே அல்ல, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு அசையும் திருகு வடிவமுள்ள பாக்டீரியாக்கள் என்று தெரிந்தது. பல்லக்கில் இருப்பவர் நகருகிறார், தூக்குகிறவர்கள் வேறு. கரையானுக்குள் பிராணி, பிராணியின் மேல் பாக்டீரியா!

கரையானும் சும்மா இருக்கவில்லை. நாரை வெட்டும் ரசத்தில் ஒரு பகுதியை அதன் சொந்த உடம்பே சுரக்கிறது என்று 1998-ஆம் வருஷத்தில் ஜப்பானியர் நிரூபித்தார்கள். எனினும் தனியே அது போதாது. 2007-இல் லண்டன் சாஸ்திரிகள் கரையானைக் கரப்பானின் குடும்பத்திலேயே சேர்த்து, அதற்கென்று இருந்த தனி வரிசையையே எடுத்துவிட்டார்கள். கரப்பானும் கரையானும் தமிழில் காதுக்கு ஒன்று போல ஒலிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம். லீடியும் கிளீவ்லாந்தும் பார்த்தவை பழமையான வகைக் கரையான்கள். போடி அடிவாரத்து மாமரங்களின் பட்டைமீது மண் பூச்சுப் பூசி மேய்பவையும், தரிசுகளில் புற்றெழுப்புபவையும் ஓடோன்டோடெர்மிஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வயிற்றில் அந்தப் பெரிய நுண்பிராணிகள் கிடையா; பாக்டீரியாக்களே உண்டு. அப்படியானால் மரத்தை உடைப்பது யார்? இவை விவசாயிகள்! புற்றின் உள்ளறைகளில், மூளையைப் போல் மடிப்பு மடிப்பான ஒரு தேனடையை நேயர்கள் பார்த்திருக்கலாம். அதுதான் வயல். இளம் வேலைக்காரக் கரையான்கள் உலர்ந்த இலையையும் சுள்ளியையும் காளான் வித்தோடு சேர்த்துத் தின்று, பாதி ஜீரணத்தில் கழித்து, அந்தக் கழிவை அடையாக அடுக்குகின்றன. அதன்மேல் டெர்மிடோமைசிஸ் என்ற காளான் வெண்ணிற நூலாகப் படர்ந்து, கெட்டியான லிக்னினையும் நாரையும் தளர்த்துகிறது. பக்குவமான அடையை மூத்த வேலைக்காரர்கள் இரண்டாம் தடவை உண்ணுகிறார்கள். மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கிச் சுமார் 10,000 வருஷம் ஆயிற்று. கரையானின் விவசாயத்துக்கு வயது ஏறக்குறைய மூன்று கோடி வருஷம் என்கிறார்கள்.

இந்தக் காளான் தோட்டத்தைப் பற்றி முதன் முதலாக ஐரோப்பியப் பாஷையில் விரிவாக எழுதப்பட்டது தமிழ்நாட்டைப் பார்த்துத்தான். லின்னேயஸின் மாணவரான கோனிக் என்பவர் 1768-ஆம் வருஷத்தில் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார். தஞ்சைச் சீமையில் புற்றுகளை வெட்டிப் பார்த்து, 1779-இல் பெர்லினில் வெளிவந்த ஜெர்மன் கட்டுரையில் விவரித்தார். இடி மழைக்குப் பின் புற்றுக் காளான் பூக்கும் என்பதும், அதைப் பிடுங்கினால் வேர் புற்றுக்குள் நீண்டு போகும் என்பதும் நம் கிராமத்துப் பெண்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுதி வைத்தவர் பெயர்தான் நிற்கிறது. நமக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதத் தக்க விஷயம் என்று தோன்றவில்லை.

அப்படியானால் இந்த இனத்தில் வயிற்றுப் பாக்டீரியாக்களுக்கு வேலை என்ன? ஆப்பிரிக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கரையானையும், அதன் காளானையும், அதன் வயிற்றுப் பாக்டீரியாக்களையும் ஒன்றாகச் சோதித்து 2014-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். பெரிய வடங்களை வெட்டுவது காளான்; வெட்டிய துண்டுகளை மேலும் நறுக்கிச் சர்க்கரையாக்கி முடிப்பது பெரும்பாலும் வயிற்றுப் பாக்டீரியா என்று தெரிய வந்தது. காளானையே கரையான் உண்ணுவதால், அதன் உடற்சுவரைக் கரைக்கும் பொறுப்பும் பாக்டீரியாவுடையதே. ஒருவர் நெல்லை உரலில் குத்த, மற்றவர் உலையில் ஏற்றுவது போன்ற ஏற்பாடு.

காளானை வளர்க்காமல், பாக்டீரியாவை மட்டும் நம்பிக் காலந்தள்ளும் கரையான்களும் உண்டு. அவற்றுள் நாசுட்டிடெர்மிஸ் என்ற இனம் மேற்கு மலைத்தொடரிலும் வசிக்கிறது. அதன் போர்வீரனுக்குத் தலையே ஒரு மூக்கு. எதிரிமேல் பசையைப் பீச்சும் துருத்தி. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா நாட்டுக் காட்டில் பிடித்த இவ்வினக் கரையானின் பின்குடலில் உள்ள பாக்டீரியாக்களின் பரம்பரைக் குறிப்புகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகப் படித்து 2007-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். நாரையும் ஹெமிசெல்லுலோஸையும் வெட்டும் ரசங்களுக்குரிய குறிப்புகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. திருகு வடிவப் பாக்டீரியாக்களும், பசுவின் இரைப்பையில் புல்லை உடைக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு உறவுமுறையான கூட்டமும் அங்கே பெருவாரியாக இருந்தன.

பசுவைச் சொன்னதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. பசுவும் கரையானும் தொழிலில் ஒன்றே. இரண்டும் தம் வயிற்றுக் கிருமிகளை வைத்துத்தான் பிழைக்கின்றன. பசுவின் பெரிய இரைப்பை நூறு லிட்டருக்குமேல் கொள்ளும். சிறு கரையானின் பின்குடல் கொள்வது ஒரு லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! குண்டூசித் தலை அளவுள்ள அந்தத் தொழிற்சாலையின் நடுவிலே பிராணவாயு அறவே கிடையாது. ஓரங்களில் மட்டும் சிறிது கசியும். பிராணவாயு பட்டால் மடியும் கிருமிகள் நடுவிலும், தாங்கக் கூடியவை சுவரோரத்திலும் வாழ்கின்றன. மரத்தில் புரதச் சத்துக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு. அதையும் காற்றிலிருந்து பிடித்துத் தருகிற பாக்டீரியாக்கள் உள்ளே இருக்கின்றன என்பது 1973-ஆம் வருஷத்திலேயே தெரிந்து விட்டது. நம் உளுந்தும் துவரையும் வேர் முடிச்சில் செய்கிற வேலையைக் கரையான் வயிற்றில் செய்து கொள்ளுகிறது. பழமையான வகைகளில் குஞ்சு பிறக்கும்போது வயிறு வெறுமையாகவே இருக்கும். மூத்தவர்களின் பின்புறத்திலிருந்து கசியும் துளியை உண்டு இந்தப் பரம்பரைச் சொத்தைப் பெற வேண்டும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் சொத்துப் போய்விடும். மறுபடியும் உறவினரிடம் கையேந்த வேண்டும். கரையான் கூட்டமாக வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கூறுகிறார்கள்.

இவற்றை எல்லாம் அறிந்து என்ன லாபம் என்று கேட்கும் நேயர்களுக்கு வைக்கோலைக் காட்டுகிறேன். கரும்புச் சாற்றிலிருந்து சாராயம் வடிப்பது எளிது. வைக்கோலிலிருந்தும் சோளத்தட்டையிலிருந்தும் வடிப்பதென்றால் முதலில் நாரைச் சர்க்கரையாக்க வேண்டும். இந்த வேலைக்கு இன்று உலகம் பெரும்பாலும் நம்பியிருப்பது ஒரு பூசணத்தை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஸாலமன் தீவுகளில் முகாமிட்ட அமெரிக்கப் பட்டாளத்தின் பருத்திக் கூடாரங்கள் மக்கிக் கிழிந்தன. கிழித்த பூசணத்தை ஒழிக்க வழி தேடிய ராணுவ ஆராய்ச்சிச் சாலையார், எல்வின் ரீஸ் என்பவர் தலைமையில், அதையே நாரை உடைக்கும் ரசத்துக்கு மூலதனமாக மாற்றி விட்டார்கள். பூசணத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. நம் நாட்டிலும் அரியானாவில் பானிபட் நகரத்தருகே, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கத்தோடு இந்தியன் ஆயில் கம்பெனியின் தொழிற்சாலை 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது. வயலிலே தீ வைத்துப் புகைக்கும் வைக்கோலுக்கு விலை வந்தால் குடியானவனுக்கும் நல்லது, டில்லிவாசிகளின் மூச்சுக்கும் நல்லது. ஆனால் நாரை உடைக்கும் ரசத்தின் செலவு இந்தத் தொழிலின் கழுத்தைப் பிடிக்கிறது. மலிவாகவும் விரைவாகவும் உடைக்கும் புதிய ரசத்தைத் தேடுகிறவர்கள் கரையான் வயிற்றைத் தட்டுவது இதனால்தான்.

நம் கல்லூரிகளிலும் இந்தத் தேடல் நடக்கிறது. கரையானைப் பிடித்து, மேலே கழுவி, குடலை அரைத்து, நார்ச்சத்துக் கலந்த கூழ்த் தட்டில் தடவுகிறார்கள். சில நாட்களில் பாக்டீரியாப் புள்ளிகள் முளைக்கின்றன. காங்கோ ரெட் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றினால், நார் இருக்கும் இடமெல்லாம் சிவக்கிறது. நாரை வெட்டிய புள்ளியைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம் தோன்றுகிறது. அழகான காட்சி. மாணவர்கள் உற்சாகப்படுவதில் தவறில்லை. ஆனால் வளையத்தைக் கண்டவுடன் வெற்றி முரசு கொட்டிவிடுவதைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அந்தத் தட்டில் இடுவது பெரும்பாலும் தண்ணீரில் கரையும்படி ரஸாயன முறையில் மாற்றிய செல்லுலோஸ், முறுக்கவிழ்த்த வடம். அதை வெட்டுகிறவன் வைக்கோலை வெட்டுவான் என்பது நிச்சயமில்லை. மேலும், காற்றுப் படும் தட்டில் முளைப்பவை காற்றைத் தாங்குகிறவை மாத்திரமே. குடலின் நடுவில் உண்மையான வேலை செய்கிறவை தட்டிலே இறந்து போயிருக்கும். முளைத்ததோ, கரையான் மண்ணோடு விழுங்கிய வழிப்போக்கனாக இருக்கலாம். சத்திரத்தில் ஒரு நாள் தங்கினவனைப் பார்த்துச் சத்திரத்தின் சமையற்காரன் இவன்தான் என்று முடிவு கட்டலாமா? பிராணவாயு நீக்கிய பெட்டிகளில் வளர்த்து, வைக்கோலையோ ஏலச் செடியின் உலர்ந்த தண்டையோ நேரே கொடுத்து, எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பதே நேர்மையான பரீக்ஷை. செலவு அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும்.

உரிமை விஷயமும் ஒன்று இருக்கிறது. கோஸ்டா ரிகா ஆராய்ச்சியில் அந்நாட்டு உயிர்வள ஸ்தாபனமும் பங்கு பெற்றது. நாமும் 2002-ஆம் வருஷத்தில் உயிர்ப்பன்மைச் சட்டம் இயற்றி, 2023-இல் திருத்தியிருக்கிறோம். செடி, பிராணி மட்டுமல்ல, நுண்கிருமிகளும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. அந்நியர் ஒருவர் போடி மலைப் புற்றிலிருந்து ஆராய்ச்சிக்கோ வியாபாரத்துக்கோ பாக்டீரியாவை எடுத்துச் செல்வதானால், சென்னையில் உள்ள தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மிளகும் ஏலமும் கப்பலேறிய கதை நமக்குப் புதிதல்ல. ஆயினும், சட்டம் காவல்தான் காக்கும். எதைக் காக்கிறோம் என்று கண்டு சொல்ல ஆராய்ச்சி வேண்டும்.

காவல் வேண்டியது சரிவுகளிலும்தான். ஏல மலையில் பூச்சி மருந்து மிகுதியாகத் தெளிக்கப்படுவது எல்லாரும் அறிந்தது. ஏலத்துக்குப் பரம வைரி இலைப்பேனும் தண்டுத் துளைப்பானுமே யன்றிக் கரையான் அல்ல. அடிவாரத்துத் தோப்புகளில் புற்றைக் கண்டால் குளோர்பைரிபாஸைக் கரைத்து ஊற்றுகிறார்கள். மாமரத்தில் மண் பூச்சு ஏறினால் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அந்த மண்ணுக்கடியில் கரையான் தின்பது காய்ந்து செத்த புறப்பட்டையை. இளங்கன்றுக்கும், வறட்சியில் வாடிய மரத்துக்கும் அது கேடு செய்வதும் உண்மையே. வீட்டு நிலையை அரிக்கும் கரையானுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காட்டிலும் தரிசிலும் உள்ள புற்றை என்ன குற்றத்துக்காக அழிப்பது?

போடி மலை மறைவுப் பிரதேசம். மலையின் மறுபுறத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இப்புறத்துக்கு எட்டாது. ஐப்பசி கார்த்திகை மழையே கதி. அந்த மழை இறுகிய மண்ணில் விழுந்தால் வழிந்தோடி விடும். கரையான் குடைந்த துளை வழியே உள்ளே இறங்கும். ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ நாட்டில் யாகூபா சவதோகோ என்ற குடியானவர், பாறையாய் இறுகிப் போன நிலத்தில் குழி வெட்டி, குப்பையெருவை இட்டுக் கரையானை வேண்டுமென்றே வரவழைத்தார். கரையான் மண்ணைத் துளைத்துப் பதப்படுத்த, மழை நீர் தங்கி, சோளமும் பின்பு மரங்களும் வளர்ந்தன. பாலைநிலத்தைக் காடாக்கிய அவருக்கு 2018-ஆம் வருஷத்தில் உலக விருது கிடைத்தது, 2023-இல் காலமானார். உலர்ந்த புல்லைக் கரையான் தின்னாவிட்டால் அது எங்கே போகும்? குரங்கணி மலையில் 2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் அதே உலர்ந்த புல்லில் பற்றிய தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தீயைக் கரையான் தடுத்திருக்கும் என்று சொல்வது அபத்தம். சரிவில் சேரும் சருகைத் தீ உண்டால் சத்துப் புகையாகிறது. கரையானும் அதன் குடிகளும் உண்டால் மண்ணாகிறது என்பது மட்டும் நிச்சயம்.

ஏலத் தோட்டக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். தோட்டத்தில் கழிக்கும் முதிர்ந்த ஏலத்தட்டையையும் சருகையும் வெயிலில் நன்றாக உலர்த்தி, ஒரே எடையாக நிறுத்து, வலைப் பைகளில் கட்ட வேண்டும். பாதிப் பைகள் கரையான் புகாத நெருங்கிய வலையால் ஆனவை; மற்றப் பாதி தாராளமாகப் புகக்கூடிய அகன்ற வலையால் ஆனவை. மருந்து தெளித்த தோட்டத்தில் சில, தெளிக்காத காட்டோரத்தில் சில, அடிவாரத் தோப்பில் சிலவாக மண்ணை ஒட்டி வைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்து மண்ணை உதறி உலர்த்தி நிறுத்தால், எந்தச் சரிவில் சருகை மண்ணாக்குவதில் கரையானின் பங்கு எவ்வளவு என்று தராசே சொல்லிவிடும். நெருங்கிய வலைப் பையில் நடந்தது மண்ணின் சொந்தக் கிருமிகளும் பூசணமும் செய்த வேலை. இரண்டு பைகளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கரையானுடையது. பையைப் புரட்டாசிக் கடைசியில் வைத்தால் மழைக்காலம் முழுவதும் உள்ளே அடங்கும். எலி இழுத்துப் போகாமல் ஒரு கல்லை மேலே வைக்க மறக்க வேண்டாம்.